கருக்கலைப்பு: உரிமையா, டாக்டர் தரும் அனுமதியா? கேமரன் மலையில் நின்று பார்த்தால் தெரியும் வித்தியாசம்

அமெரிக்காவில் தேர்தல் வந்தால் போதும், கருக்கலைப்பு பற்றிய சண்டையும் கூடவே வந்துவிடும். டிக்டாக், இன்ஸ்டாகிராமில் அந்தக் காணொளிகளைப் பார்த்துப் பார்த்து, நம் இளைஞர்கள் பலருக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்ற வழக்கின் பெயர்கூட மனப்பாடம். ஆனால் 'மலேசியாவில் சட்டம் என்ன சொல்கிறது?' என்று கேட்டுப் பாருங்கள். "இங்கெல்லாம் அது முடியாது, புடிச்சு உள்ள போட்டுருவாங்க" என்பதுதான் பெரும்பாலும் வரும் பதில்.

அந்தப் பதில் பாதிதான் சரி. மலேசியாவில் கருக்கலைப்பு குற்றம்தான். ஆனால் சட்டப்படி செய்யக்கூடிய ஒரு வழியும் அதே சட்டப் பிரிவிலேயே இருக்கிறது. 1989-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அது ஒரு பெண்ணின் உரிமையாக எழுதப்படவில்லை. ஒரு மருத்துவருக்குத் தரப்பட்ட விதிவிலக்காக எழுதப்பட்டிருக்கிறது. கோலாலம்பூரில் இருப்பவருக்கு இந்த வித்தியாசம் வெறும் வார்த்தை விளையாட்டாகத் தோன்றலாம். ரிங்லெட்டுக்கு உள்ளே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வாழும் பெண்ணுக்கு அப்படி இல்லை. ஏன் என்று பார்ப்போம்.

அமெரிக்காவில் என்னதான் நடந்தது?

அமெரிக்க அரசியலமைப்பில் 'கருக்கலைப்பு' என்ற சொல்லே கிடையாது. எல்லாச் சண்டையும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

1973 ஜனவரி 22 அன்று, 'ரோ எதிர் வேட்' வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளில் 7 பேர் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அரசியலமைப்பின் 14-ஆவது திருத்தம் ஒருவரின் சுதந்திரத்தைச் சட்டமுறையின்றிப் பறிக்கக் கூடாது என்கிறது. அந்தச் 'சுதந்திரம்' என்ற சொல்லுக்குள் தனியுரிமை அடங்கும், தனியுரிமைக்குள் கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்று முடிவெடுப்பதும் அடங்கும் என்றார்கள். 1992-இல் 'கேஸி' வழக்கில் அந்த உரிமையின் மையப்பகுதி காப்பாற்றப்பட்டது. ஆனால் மாநிலங்கள் கூடுதல் கட்டுப்பாடுகள் போடக் கொஞ்சம் இடம் கிடைத்தது.

2022 ஜூன் 24-இல் எல்லாம் தலைகீழானது. மிசிசிப்பி மாநிலம் 15 வாரங்களுக்குப் பிறகு கருக்கலைப்பைத் தடுத்துப் போட்ட சட்டம் 'டாப்ஸ்' வழக்காக உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அரசியலமைப்பில் அப்படி ஓர் உரிமையே இல்லை, மாநிலங்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 49 ஆண்டுகள் இருந்த உரிமை ஒரே நாளில் போனது.

அதன் பிறகு ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு திசையில் போகிறது. டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் ஏறக்குறைய முழுத் தடை. மிச்சிகனில் 2022-லும், ஒஹாயோவில் 2023-லும், அரிசோனா, மிசௌரி போன்ற மாநிலங்களில் 2024-லும் மக்கள் நேரடியாக வாக்களித்து, தங்கள் மாநில அரசியலமைப்பில் இந்த உரிமையை எழுதிக்கொண்டார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 1973-லும் 2022-லும் அரசியலமைப்பின் வரிகள் மாறவே இல்லை. படித்த நீதிபதிகள்தான் மாறினார்கள். நீதிமன்றம் வாசித்துச் சொன்ன உரிமையை இன்னொரு நீதிமன்றம் வேறு மாதிரி வாசித்து எடுத்துவிட முடியும். பிரான்ஸ் 2024 மார்ச்சில் கருக்கலைப்புச் சுதந்திரத்தைத் தன் அரசியலமைப்பிலேயே எழுதிவைத்ததற்கு இந்தப் பயமும் ஒரு காரணம்.

சரி, நம்ம சட்டம் என்ன சொல்லுது?

மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 312-ஆவது பிரிவுதான் இதற்கான அடிப்படை. இந்த எண்ணைத் தமிழ்நாட்டு வழக்கறிஞர் யாரிடமாவது சொன்னால் உடனே புரிந்துகொள்வார். காரணம், 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் கருக்கலைப்புக்கு அதே 312-தான் இருந்தது. பிரிட்டிஷ் ஆட்சி அந்தச் சட்டத்தை அப்படியே எடுத்து 1870-களில் இங்குள்ள நீரிணைக் குடியேற்றங்களில் நடைமுறைப்படுத்தியது. பின்னர் மலாய் மாநிலங்களுக்கும் அது வந்தது. கூலி வேலைக்குத் தமிழர்களை ஏற்றி வந்த அதே காலத்தில் இந்தச் சட்டமும் கப்பலேறி வந்தது என்று சொல்லலாம்.

312-இன்படி, ஒரு பெண்ணின் கருவைக் கலைப்பவருக்கு 3 ஆண்டுகள் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கரு அசையத் தொடங்கிய நிலையில் என்றால் 7 ஆண்டுகள் வரை சிறை, அபராதமும் உண்டு. செய்பவருக்கு மட்டுமல்ல, தானே தன் கருவைக் கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இந்தப் பிரிவுக்குள் வருகிறார். பெண்ணின் சம்மதம் இல்லாமல் கலைத்தால் 313-ஆவது பிரிவு. தண்டனை 20 ஆண்டுகள் வரை போகலாம்.

இதுவரை எல்லோருக்கும் ஓரளவு தெரிந்த கதை. தெரியாத பகுதி இனிமேல்தான்.

1989-இல் நாடாளுமன்றம் இந்தப் பிரிவைத் திருத்தியது. அதற்கு முன்பு, பெண்ணின் உயிரைக் காப்பாற்றுவதற்கு மட்டுமே இடம் இருந்தது. திருத்தத்துக்குப் பிறகு, பதிவுபெற்ற மருத்துவர் ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரு முடிவுக்கு வந்தால், கருக்கலைப்பு குற்றமாகாது. அந்த முடிவு இதுதான்: கர்ப்பம் தொடர்ந்தால் பெண்ணின் உயிருக்கு ஆபத்து, அல்லது அவருடைய உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ பாதிப்பு, அந்த ஆபத்து கர்ப்பத்தைக் கலைப்பதால் வரும் ஆபத்தைவிடப் பெரியது.

'மனநலம்' என்ற அந்த ஒரு சொல்தான் முக்கியம். உயிர் போகும் நிலைக்கு வந்தால்தான் வழி என்பதில்லை. இரண்டு பக்கத்தையும் தராசில் வைத்து, எது அந்தப் பெண்ணுக்கு அதிகம் கெடுதல் என்று மருத்துவர் எடைபோட வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

அப்போ, யார் முடிவு எடுக்கிறாங்க?

சட்டத்தின் வாக்கியத்தை இன்னொரு முறை பாருங்கள். முடிவுக்கு வருபவர் மருத்துவர். பெண் கேட்கலாம், விளக்கலாம், அழலாம். ஆனால் சட்டத்தில் தீர்மானிக்கும் இடத்தில் அவர் இல்லை. மருத்துவர் 'முடியாது' என்றால், 'இது என் உரிமை' என்று சொல்லி அவரைக் கட்டாயப்படுத்தச் சட்டத்தில் எந்த வரியும் இல்லை. வேறு மருத்துவரைத் தேடிப் போவதுதான் வழி.

அரசாங்க மருத்துவமனைகளுக்காகச் சுகாதார அமைச்சு 2012-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதன்படி இரண்டு மருத்துவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்; அவர்களில் ஒருவர் நிபுணராக இருக்க வேண்டும். கர்ப்பம் 22 வாரத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். தண்டனைச் சட்டத்திலோ, இரண்டாவது மருத்துவரும் இல்லை, வாரக் கணக்கும் இல்லை. அதாவது சட்டம் திறந்துவிட்ட கதவைவிட, மருத்துவமனையின் கதவு கொஞ்சம் குறுகலானது.

முஸ்லிம்களுக்கு இன்னோர் அடுக்கும் உண்டு. தேசிய ஃபத்வா மன்றம் 2002-இல் எடுத்த நிலைப்பாட்டின்படி, 120 நாள் கடந்த கருவைக் கலைப்பது, தாயின் உயிரைக் காப்பது போன்ற காரணம் இல்லாவிட்டால், தடுக்கப்பட்டது. தண்டனைச் சட்டத்தின் 312-ஆவது பிரிவு எல்லா மதத்தினருக்கும் பொது.

பலர் தப்பாக நினைக்கும் 4 விஷயங்கள்

ஒன்று: 'பாலியல் வல்லுறவால் கர்ப்பம் என்றால் தானாகவே அனுமதி உண்டு.' அப்படித் தனி விதிவிலக்கு எதுவும் சட்டத்தில் இல்லை. ஆனால் அந்தக் கர்ப்பம் பெண்ணின் மனநலத்தைப் பாதிக்கும் என்று மருத்துவர் கருதினால், 1989 விதிவிலக்குக்குள் அது வரும். கருவில் கடுமையான குறைபாடு இருந்தாலும் இதே வழிதான்.

இரண்டு: 'புருஷன் கையெழுத்து இல்லாம முடியாது.' 312-ஆவது பிரிவில் கணவரின் சம்மதம் ஒரு நிபந்தனையே இல்லை.

மூன்று: 'கல்யாணம் ஆகாதவங்களுக்குக் கிடையாது.' சட்டம் திருமணத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அதே சமயம், 'கல்யாணம் ஆகவில்லை', 'கையில் காசில்லை', 'ஏற்கெனவே 4 பிள்ளைகள்' என்பவை மட்டுமே தனிக் காரணங்களாகவும் சட்டத்தில் இல்லை. அந்த நிலைமைகள் பெண்ணின் உடலையோ மனதையோ எப்படிப் பாதிக்கின்றன என்பதுதான் மருத்துவரின் கேள்வி.

நான்கு: 'ஆன்லைன்ல மாத்திரை வாங்கிக்கலாம்.' உலகின் பல நாடுகளில் மருத்துவர்கள் பயன்படுத்தும் கருக்கலைப்பு மாத்திரைகள் மலேசியாவில் பதிவு பெறாதவை. இணையத்தில் விற்பது சட்டவிரோதம். வருவது உண்மையான மருந்தா, எத்தனை வாரத்துக்கு அது பாதுகாப்பானது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. கருத்தடைக்கான அவசர மாத்திரை வேறு. உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் எடுப்பது அது. ஏற்கெனவே உருவான கர்ப்பத்தை அது கலைக்காது. மருந்தகங்களில் மருந்தாளரிடம் கேட்டு வாங்கலாம்.

இந்தக் குழப்பம் பொதுமக்களுக்கு மட்டும் இல்லை. மலேசியாவின் இனப்பெருக்க உரிமைக் கூட்டணி 2007-இல் 120 மருத்துவர்களிடமும் தாதியரிடமும் கேட்டபோது, அவர்களில் கணிசமானோருக்கே சட்டம் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. முடிவெடுக்க வேண்டியவர்களுக்கே தெரியாவிட்டால், கேட்டு வருபவர் என்ன செய்வார்?

நம்ம அரசியலமைப்பில் இந்த உரிமை இருக்கா?

நேரடியான பதில்: எழுதப்படவில்லை. எந்த மேல்நிலை நீதிமன்றமும் இதுவரை அப்படி அறிவிக்கவும் இல்லை.

ஆனால் மூலப்பொருள் இருக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 5-ஆவது விதி, சட்டப்படி அல்லாமல் ஒருவரின் உயிரையோ தனிமனிதச் சுதந்திரத்தையோ பறிக்கக் கூடாது என்கிறது. 'உயிர்' என்றால் வெறும் மூச்சு விடுவது மட்டுமல்ல, வாழ்க்கையின் தரமும் அதில் அடங்கும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1996-இல் 'தான் தெக் செங்' வழக்கில் விளக்கியது. 2010-இல் சிவராசா ராசையா தொடுத்த வழக்கில், தனிமனிதச் சுதந்திரம் என்பதற்குள் தனியுரிமையும் அடங்கும் என்று கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. அது வழக்கறிஞர் மன்றத் தேர்தல் பற்றிய வழக்கு. கருக்கலைப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் 'தனியுரிமை' என்ற சொல் நம் சட்டத்துக்குள் வந்துவிட்டது. அமெரிக்காவில் 1973-இல் அடித்தளமாக இருந்ததும் அதே சொல்தான்.

8-ஆவது விதி சமத்துவத்தைப் பேசுகிறது. பாலினத்தின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்பது 2001-இல் அதில் சேர்க்கப்பட்டது. 2011-இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றம், கர்ப்பமாக இருப்பதைக் காரணம் காட்டி ஒரு பெண்ணுக்குத் தற்காலிக ஆசிரியர் வேலையை மறுத்தது பாலினப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது.

இந்தச் செங்கற்களைச் சேர்த்து யாராவது ஒருநாள் வழக்குத் தொடுக்கலாம். இப்போதைக்கு நிலைமை இதுதான்: மலேசியப் பெண்ணுக்கு இருக்கும் வழி நாடாளுமன்றம் கொடுத்தது. சாதாரணத் திருத்தச் சட்டம் ஒன்றினால் நாடாளுமன்றம் அதை அகலமாக்கவும் முடியும், மூடவும் முடியும். விதிவிலக்குக்கும் உரிமைக்கும் உள்ள முதல் வித்தியாசம் இது.

கேமரன் மலையில் இதுக்கு என்ன அர்த்தம்?

இரண்டாவது வித்தியாசம் தூரத்தில் இருக்கிறது.

கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. ஆனால் மாநிலத் தலைநகர் குவாந்தான் 300 கிலோமீட்டருக்கும் அப்பால். மலையிலிருந்து இறங்கும் முக்கியச் சாலைகள் இரண்டும் பேராக்குக்குத்தான் போகின்றன. ஒன்று ரிங்லெட் வழியாகத் தாப்பாவுக்கு, மற்றொன்று கம்போங் ராஜா வழியாகச் சிம்பாங் பூலாய்க்கு, அங்கிருந்து ஈப்போவுக்கு. தானா ராத்தாவில் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை இருக்கிறது. அது சிறிய மாவட்ட மருத்துவமனை. மகப்பேறு நிபுணர், மனநல நிபுணர், முழு அறுவைச் சிகிச்சை வசதி எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும் என்றால், ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையைத் தேடித்தான் இறங்க வேண்டும்.

இப்போது சுகாதார அமைச்சின் வழிகாட்டியை இந்த மலையில் வைத்துப் படியுங்கள். இரண்டு மருத்துவர்கள், அதில் ஒருவர் நிபுணர். கோலாலம்பூரில் அது அடுத்த மாடிக்கு லிஃப்டில் போவது. இங்கே அது, வளைவுக்கு மேல் வளைவாக ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மலையிறங்குவது. மழைக்காலத்தில் மண் சரிந்தால் அதுவும் இல்லை.

வாரக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். கர்ப்பத்தின் வாரங்கள் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணப்படுகின்றன. அதனால் மாதவிடாய் ஒரு வாரம் தள்ளிப்போனதைக் கவனிக்கும்போதே கணக்கில் 5 வாரம் ஆகியிருக்கும். சந்தேகம் வந்து, பயந்து, யாரிடமாவது சொல்லி, விடுமுறை கேட்டு, கிளினிக்குக்குப் போய், அங்கிருந்து கடிதம் வாங்கி, ஈப்போவில் தேதி கிடைப்பதற்குள் இன்னும் பல வாரங்கள் ஓடிவிடும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பாதுகாப்பு என்பது மருத்துவம் சொல்வது. தூரம் அந்தச் சீக்கிரத்தைத்தான் தின்றுவிடுகிறது.

அப்புறம் காசு. மலேசியக் குடிமக்களுக்கு அரசாங்க மருத்துவமனையில் கட்டணம் பெரிய சுமை இல்லை. நிபுணரைப் பார்க்கவே 5 ரிங்கிட்தான். ஆனால் போக்குவரத்தும், கூடத் துணைக்கு வருபவரின் ஒருநாள் கூலியும் அந்த 5 ரிங்கிட்டுக்குள் இல்லை. தோட்டத்தில் பறித்த கொழுந்தின் எடைக்கு ஏற்பக் கூலி வாங்குபவருக்கு, மலையிறங்கும் நாள் கூலி இல்லாத நாள்.

இன்னொன்று, ரகசியம். தோட்டத்து வீடுகள் ஒட்டி ஒட்டி இருப்பவை. யார் கிளினிக் வண்டியில் ஏறினார், யார் இரண்டு நாள் கொழுந்து பறிக்க வரவில்லை என்பது சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். "நாலு பேரு என்ன பேசுவாங்க" என்ற கேள்விக்கு எந்தச் சட்டப் பிரிவிலும் பதில் இல்லை. ஆனால் பல பெண்களை மருத்துவரிடம் போகவிடாமல் நிறுத்துவது அந்தக் கேள்விதான்.

பெர்மிட்டில் வேலை செய்யும் பெண்கள்

1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியபோதும் அதன் பிறகு பல பத்தாண்டுகளும் கேமரன் மலையில் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பங்கு தமிழர்கள். இன்று அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் படித்து, நகரங்களுக்கு இறங்கிவிட்டார்கள். தேயிலைத் தோட்டங்களிலும் காய்கறித் தோட்டங்களிலும் இப்போது வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளம், இந்தியா என்று பல நாட்டுத் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள்.

அவர்களில் ஒரு பெண் கர்ப்பமானால், முதல் கேள்வியே வேறு. அந்நியத் தொழிலாளர்களுக்கான மருத்துவப் பரிசோதனையில் கர்ப்பப் பரிசோதனையும் உண்டு. கர்ப்பம் என்று தெரிந்தால் பெர்மிட் போகும், ஊருக்குத் திருப்பி அனுப்பப்படலாம். கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டு வந்தவருக்கு, அது வேலை போவது மட்டுமல்ல, கடனோடு திரும்புவது. அரசாங்க மருத்துவமனையில் வெளிநாட்டவருக்கான கட்டணம் குடிமக்கள் கட்டுவதைவிடப் பல மடங்கு. ஆவணம் இல்லாதவர்கள் வந்தால் தகவல் தெரிவிக்க வேண்டும் என்று சுகாதார அமைச்சின் 2001-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை வேறு இருக்கிறது. அதனால் ஆவணமில்லாதவர் மருத்துவமனை வாசலையே மிதிக்கப் பயப்படுகிறார். மைகார்டு கிடைக்காமல் போன உள்ளூர்த் தமிழர்கள் சிலருக்கும் இதே கட்டணச் சிக்கல் உண்டு.

2014-இல் பினாங்கில் நடந்த ஒரு வழக்கு இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. தொழிற்சாலையில் வேலை செய்த நேப்பாளப் பெண் ஒருவர், ஒரு கிளினிக்கில் கருக்கலைப்பு செய்துகொண்டதற்காகக் கைது செய்யப்பட்டார். 315-ஆவது பிரிவின் கீழ் அவருக்கு ஓர் ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பெண்கள் உரிமை அமைப்புகள் தலையிட்ட பிறகு, உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து அவரை விடுவித்தது. ஆனால் அதற்குள் அவர் சிறையில் நாட்களைக் கழித்துவிட்டார். மருத்துவரின் கிளினிக்குக்கே போன பெண்ணுக்கு இந்த நிலை. விதிவிலக்கு என்பது, பிறகு நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டிய ஒன்றாக எப்படி மாறிவிடுகிறது என்பதற்கு இது சாட்சி.

18 வயதுக்குக் கீழே என்றால்?

16 வயதுக்குக் குறைந்த சிறுமியோடு உறவு கொள்வது, அவர் சம்மதித்திருந்தாலும், சட்டப்படி பாலியல் வல்லுறவு. எனவே அந்த வயதில் கர்ப்பம் என்றால் அது மருத்துவப் பிரச்சினை மட்டுமல்ல, குற்ற வழக்கும்கூட. ஒரு பிள்ளை பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகக் கருதும் மருத்துவர், 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின்படி சமூகநல அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். 18 வயது ஆகாதவருக்குச் சிகிச்சை என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் கேட்கப்படும்.

இந்த விதிகள் பிள்ளைகளைக் காப்பதற்காகத்தான். ஆனால் துன்புறுத்தியவர் குடும்பத்துக்குள்ளேயே இருந்தால், அல்லது 'அப்பாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாரு' என்ற பயம் இருந்தால், பிள்ளை வாயே திறக்காது. வாரங்கள் ஓடும். கடைசியில் செய்தியாக வருவது குழந்தை வீசப்பட்ட சம்பவம். 2010-இல் பெட்டாலிங் ஜெயாவில் குழந்தைகளைப் பாதுகாப்பாக விட்டுச்செல்லும் முதல் 'பேபி ஹேட்ச்' திறக்கப்பட்டதே இப்படிப்பட்ட சம்பவங்களால்தான்.

மற்ற தமிழர்கள் வாழும் நாடுகளில்?

சிங்கப்பூர் 1970-இலேயே கருக்கலைப்புச் சட்டத்தை நடைமுறைப்படுத்தி, 1974-இல் அதைத் தளர்த்தியது. 24 வாரங்கள் வரை பெண்ணின் விருப்பத்தின் பேரில் செய்யலாம். முன்னதாக ஆலோசனை பெற வேண்டும்.

இந்தியாவில் 1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டது. 20 வாரம் வரை ஒரு மருத்துவர், குறிப்பிட்ட சில நிலைகளில் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் முடிவெடுக்கலாம். குழந்தை பெறுவதா என்று தீர்மானிப்பது அரசியலமைப்பின் 21-ஆவது விதி தரும் தனிமனிதச் சுதந்திரத்தின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் சொன்னது. திருமணமாகாத பெண்களுக்கும் சமவாய்ப்பு என்று 2022-இல் சொன்னது. ஆனால் 2023-இல் 26 வார கர்ப்பத்தைக் கலைக்க ஒரு பெண் கேட்டபோது அதே நீதிமன்றம் மறுத்தது. அங்கேயும் உரிமைக்கு எல்லை இருக்கிறது.

இலங்கையில் நிலைமை இன்னும் இறுக்கம். 1883-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 303-ஆவது பிரிவின்படி, தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே அனுமதி. நுவரெலியாவில் கொழுந்து பறிக்கும் மலையகத் தமிழ்ப் பெண்ணும் கேமரன் மலையில் கொழுந்து பறிப்பவரும் ஒரே மாதிரி வேலை செய்கிறார்கள், ஒரே மொழி பேசுகிறார்கள். ஒரே காலனி ஆட்சி எழுதிய சட்டத்தின் கீழ்தான் இருவரும் வாழ்கிறார்கள். ஒருவருக்கு 'மனநலம்' என்ற சொல் கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை.

எதிர்ப்பவர்கள் என்ன சொல்றாங்க?

கரு உருவான நாளிலிருந்தே அது ஓர் உயிர், அதைக் காப்பது சமூகத்தின் கடமை என்பது கத்தோலிக்கத் திருச்சபை உட்படப் பலரின் உறுதியான நம்பிக்கை. இந்து மரபிலும் சிசுக்கொலை பெரும் பாவமாகவே பார்க்கப்படுகிறது. சட்டத்தைத் தளர்த்தினால் பொறுப்பில்லாத போக்கு வளரும் என்ற கவலையும் உண்டு. மனசாட்சி இடம் கொடுக்காத மருத்துவரை எப்படிக் கட்டாயப்படுத்துவது என்றும் கேட்கிறார்கள்.

மறுபக்கம் சொல்வது இது: சட்டம் தடுத்தால் கருக்கலைப்பு நின்றுவிடுவதில்லை, பாதுகாப்பான இடத்திலிருந்து பாதுகாப்பற்ற இடத்துக்கு நகர்கிறது. காசு உள்ளவர் தனியார் கிளினிக்குக்குப் போய்விடுவார். தோட்டத்துப் பெண் எங்கே போவார்?

மலேசியாவில் இந்த விவாதம் அமெரிக்கா மாதிரி தேர்தல் மேடைக்கு வந்ததில்லை. அதனால் ஒரு நன்மை, பெண்களின் உடல் ஓட்டுக்கான கருவியாகவில்லை. ஒரு தீமை, 1989-இல் எழுதிய விதிவிலக்கை யாரும் மக்களுக்கு விளக்கவும் இல்லை.

உதவி தேவைப்பட்டால் யாரிடம் போவது?

கர்ப்பமோ என்ற சந்தேகம் வந்தால், காத்திருக்காமல் அரசாங்க கிளினிக்கிலோ பதிவுபெற்ற தனியார் கிளினிக்கிலோ பரிசோதித்துக்கொள்ளுங்கள். எத்தனை வாரம் என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. மனதில் இருப்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரை விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது என்றால் அதைச் சொல்லுங்கள். சட்டம் கேட்கும் 'மனநலம்' அதுதான். ஒரு மருத்துவர் மறுத்தால், நிபுணரிடம் அனுப்பக் கடிதம் கேட்கலாம்.

பாலியல் வன்முறை நடந்திருந்தால், அரசாங்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் இயங்கும் ஒருமுக நெருக்கடி மையத்தில் சிகிச்சை, ஆலோசனை, போலீஸ் உதவி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். தாலியான் காசே 15999 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்தின் கிளினிக்குகளிலும், மலேசிய இனப்பெருக்கச் சுகாதாரச் சங்கங்களின் கூட்டமைப்பிலும் ஆலோசனை பெறலாம்.

ஏற்கெனவே ஏதாவது மாத்திரை சாப்பிட்டு, இரத்தப்போக்கு நிற்கவில்லை, காய்ச்சல் அடிக்கிறது, மயக்கம் வருகிறது என்றால், யார் என்ன கேட்பார்களோ என்று யோசிக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உயிர் இருந்தால்தான் மற்ற எல்லாம்.

கர்ப்பத்தைத் தொடர முடிவெடுப்பவர்களுக்கும் ஒரு தகவல்: 2023 ஜனவரி 1 முதல் மகப்பேறு விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கிறது. கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்குவதை வேலைவாய்ப்புச் சட்டம் இப்போது தடுக்கிறது.

அமெரிக்காவில் உரிமை இருந்தது, போனது. இங்கே உரிமையாக எழுதப்படவில்லை, ஆனால் ஒரு வழி இருக்கிறது. அந்த வழியைப் பயன்படுத்த அது இருப்பது தெரிந்திருக்க வேண்டும், தெரிந்த மருத்துவர் வேண்டும், மலையிறங்கும் வண்டி வேண்டும், அது நேரத்துக்குக் கிடைக்கவும் வேண்டும். சட்டத்தைத் தெரிந்துகொள்வது மட்டும்தான் இவற்றில் இன்றைக்கே, செலவில்லாமல் செய்யக்கூடியது. உங்கள் அக்காவுக்கோ தங்கைக்கோ தோழிக்கோ இதைச் சொல்லி வையுங்கள்.